ரசீது இல்லாத வியாபாரம்

பெருங்குடியில் என் அலுவலகத்துக்குப் போக ஓ.எம்.ஆரிலிருந்து எம்.ஜி.ஆர். சாலைக்குள் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், அவற்றின் நிழலில் டீக்கடைகள், பி.ஜி. விடுதி போர்டுகள், காலையிலேயே வழியை மறித்து நிற்கும் தண்ணீர் லாரி. எட்டு வருஷமாக இந்த வழியில் போய் வருகிறேன். சாலையின் பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை. போன வருஷம் ஒரு சாயங்காலம் அங்கே டீக்கடையில் என் பழைய கல்லூரி ஆசிரியரைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

முதலாம் ஆண்டில் எங்களுக்கு இன்ஜினியரிங் டிராயிங் எடுத்தவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருந்திருக்கும். "நீ மெக்கானிக்கல் பி செக்‌ஷன்தானேப்பா?" என்று அவர்தான் முதலில் கேட்டார். இப்போது இதே சாலையில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவருடைய மாணவர்களைவிட வயது குறைவு. ஏன் சார் காலேஜை விட்டீங்க என்று கேட்டேன். மாணவர் சேர்க்கை குறைந்ததும் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்களாம். வேலையை விடுகிறேன் என்றால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுத்தார்களாம். சேரும்போதே வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பது வழக்கம்.

"லேபர் ஆபீஸுக்குப் போனேன்பா. எங்க காலேஜ் பஸ் டிரைவரும் கூட வந்தார், அவருக்கும் சம்பள பாக்கி. அவர் மனுவை வாங்கிக்கிட்டாங்க. என்னைப் பார்த்து, 'சார், நீங்க டீச்சர். டீச்சர் வொர்க்மேன் இல்ல, இங்க வராது'ன்னுட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் இதைச் சொல்லி, "காலேஜுங்கறதே இப்ப வியாபாரம்தானேப்பா" என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் நாற்பது வருஷமாக மளிகைக் கடை வைத்திருப்பவர்.

"அதை வியாபாரம்னு சொல்லாதடா. துவரம் பருப்புல கல் இருந்தா திருப்பிக் கொண்டாந்து கல்லா மேல கொட்டிட்டுப் போவாங்க, நான் மாத்திக் கொடுக்கணும். உனக்கு சீட்டு போட்டப்ப கட்டட நிதின்னு வாங்கினானே, ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தானா?"

கொடுக்கவில்லை. 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்த பிறகு கவுன்சலிங் போன முதல் பேட்ச் நாங்கள். இடம் அரசு ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது. ஆனாலும் கல்லூரியில் போய்ச் சேரும் அன்று, கட்டணத்துக்கு மேல் ஒரு தொகையை ரொக்கமாகக் கேட்டார்கள். அப்பா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்ணி உள்ளே வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கல்லூரி வியாபாரமா இல்லையா என்ற கேள்வியை நாம் எப்போதும் முதல் தரப்பு நல்லது, இரண்டாவது கெட்டது என்ற தொனியில் கேட்கிறோம். அப்பா அதைத் திருப்பிப் போட்டுவிட்டார். வியாபாரத்துக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. அறத்துக்கும் உண்டு. இந்த இரண்டில் எது அந்தக் கல்லூரியில் இருந்தது? இதற்குப் பதில் தேடிப் பின்னால் போனேன். ரொம்பப் பின்னால், 1794 வரை.

*

அந்த வருஷம் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயரின் பொறுப்பில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. அதுதான் வளர்ந்து, 1859-ல் கல்லூரி என்று பெயர் பெற்று, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறி, இன்று நாம் கிண்டி பொறியியல் கல்லூரி என்று சொல்லும் இடம். அதைத் தொடங்கியது அறக்கட்டளை அல்ல, அரசும் அல்ல. லண்டனில் பங்குதாரர்களைக் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனி. நிலத்தை அளந்தால்தான் வரி விதிக்க முடியும், அளக்க ஆள் வேண்டும், ஆளை இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தால் செலவு அதிகம். அதனால் பள்ளி. நம் ஊரின் மூத்த பொறியியல் கல்லூரி, ஒரு வியாபாரக் கம்பெனி தன் தேவைக்கு நடத்திய பயிற்சி வகுப்பாகத்தான் பிறந்தது.

அதே 1794-ல் பச்சையப்ப முதலியார் உயில் எழுதினார். துபாஷாக இருந்து, தஞ்சாவூர் அரசவையோடு கொடுக்கல் வாங்கல் வைத்துப் பெரும் பணம் சேர்த்தவர். நாற்பது வயதில் திருவையாற்றில் இறந்துபோனார். சொத்தின் பெரும்பகுதி கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும் என்பது அவர் உயில். உயில் இருந்தால் மட்டும் போதுமா? பொறுப்பில் இருந்தவர்களுக்குள் தகராறு, வழக்கு. பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு வந்தது. கோயில் காரியங்கள் போக எஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முன்னின்று வழிசெய்தவர் அன்றைய அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். 1842 ஜனவரியில் பள்ளி திறந்தது. 1889-ல் கல்லூரியானது.

கம்பெனிப் பள்ளியில் பணம் போட்டவருக்கே பலன் போனது. பச்சையப்பனில் ஒருவர் வியாபாரத்தில் சேர்த்த பணம், அவர் கண்ணால் காணாத பிள்ளைகளுக்குப் போனது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம்.

பச்சையப்பன் காட்டிய வழியில் பிறகு பலர் போனார்கள். கோயம்புத்தூர் பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடு குடும்பத்தில் பாகம் பிரித்தபோது, பிள்ளைகள் நான்கு பேருக்கு ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவதைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926-ல் அமைந்த அந்த அறக்கட்டளையிலிருந்து வந்ததுதான் பி.எஸ்.ஜி. நிறுவனங்கள். சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தை வைத்து 1949-ல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அழகப்பச் செட்டியார் கொடுத்த பணத்தில் கிண்டியில் ஏ.சி. டெக் வந்தது. கருமுத்து தியாகராசர் 1957-ல் மதுரையில் பொறியியல் கல்லூரி தொடங்கினார். பஞ்சாலை, வட்டிக்கடை, பருத்தி என்று எல்லாமே வியாபாரப் பணம்தான். அவர்கள் கல்லூரியை வியாபாரத்துக்கு எதிராக வைக்கவில்லை. வியாபாரத்திலிருந்து ஒரு பங்கைப் பிரித்தெடுத்துக் கல்லூரியில் போட்டார்கள்.

இதைச் சொல்லும்போது பழைய காலத்தைப் பொற்காலமாக்கிவிடுகிற ஆபத்து இருக்கிறது. எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்ட வேண்டிய பணம் இல்லாமல் அப்துல் கலாம் தவித்ததையும், அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததையும் கலாமே எழுதியிருக்கிறார். தர்மக் கல்லூரிக்கும் கட்டணம் உண்டு. அது இல்லாத வீட்டில் நகை போகத்தான் செய்தது. பச்சையப்பன் கல்லூரியிலோ 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். கொடுக்கிறவர் கையில்தான் வாசல் சாவியும் இருந்தது. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய கல்லூரிகளிலிருந்து 1929-ல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தேவைக்கு மேல் பல்லாயிரம் பேரை வேலைக்கு வைத்துச் சம்பளம் போட முடியாமல் திணறி, 2013-ல் அரசாங்கத்தின் கைக்குப் போனது. பச்சையப்பன் அறக்கட்டளைக்கே உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாகப் போட வேண்டியிருந்தது.

ஆனால் இந்தக் கதைகளில் பொதுவாக ஒன்று இருக்கிறது. தப்பு நடந்தபோது கேட்க ஓர் இடம் இருந்தது. உயில் இருந்தது, அறக்கட்டளைப் பத்திரம் இருந்தது. கணக்கைக் கொண்டுவா என்று சொல்ல ஒரு நீதிமன்றமோ சட்டமன்றமோ இருந்தது.

*

இனி எம்.ஜி.ஆர். சாலைக்கு வரலாம். 1984 வரை தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் சில கல்லூரிகள், அவ்வளவே. பணம் இருந்தும் இடம் கிடைக்காத பிள்ளைகள் கர்நாடகத்துக்கு ரயில் ஏறினார்கள். அங்கே மணிப்பாலில் டி.எம்.ஏ. பை 1953-லேயே அரசுப் பணம் இல்லாமல் மருத்துவக் கல்லூரி தொடங்கி வழிகாட்டியிருந்தார். நன்கொடை என்ற நல்ல சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்தது அந்தக் காலத்தில்தான். புதுக் கல்லூரி கட்ட அரசிடம் பணம் இல்லை, ஆனால் தேவை மட்டும் ஏறிக்கொண்டே போனது. எம்.ஜி.ஆர். அரசு 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்ததும் அதே சமயம்தான்.

முதல் அலையில் வந்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. பெருந்துறையில் கொங்குப் பகுதிப் பெரியவர்கள் பலர் சேர்ந்து போட்ட அறக்கட்டளை, சிவகாசியில் தொழிலதிபர்கள், வேலூரில் முன்னாள் எம்.பி. ஜி. விசுவநாதன், வண்டலூர்ப் பக்கம் கிரசென்ட் என்று 1984-லேயே தொடங்கிவிட்டார்கள். சிலரிடம் பழைய ஐந்தாம் பங்கு மனசு இருந்தது. பின்னால் வந்த அலைகளில் எல்லா வகை ஆட்களும் வந்தார்கள். ஒரு கட்டத்தில் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அண்ணா பல்கலைக்கழகம் 2001-ல் இணைப்புப் பல்கலைக்கழகமாகி இவற்றைத் தன் குடைக்குள் கொண்டுவந்தது.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பட்டதாரி இல்லை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010-ல்தான் வந்தது, நான் கடைசி ஆண்டுக்கு வந்த வருஷம். கல்விக் கடனில் படித்தேன், அடைத்தேன். சுயநிதிக் கல்லூரிகள் இல்லையென்றால் நான் திண்டிவனம் பக்கம் பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பேன். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது, அதற்குப் பின்னால் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று வரிசையாகக் கட்டடம் எழுந்தபோது, அவற்றை நிரப்ப ஆள் தயாராக இருந்ததற்குக் காரணம் அந்தக் கல்லூரிகள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் 47. சத்திரத்து வாசலில் சாதி கேட்ட காலத்துக்கு, பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டவன் மேல் என்று என் நண்பன் ஒருவன் சொல்வான். அதை முழுக்க மறுக்க முடியாது.

இந்த வாதம் பழையதும்கூட. ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலில், தானே படித்த ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றிக் கசப்பாக எழுதுகிறார். அறக்கட்டளைச் சம்பளம் நிச்சயமாக வருவதால், பேராசிரியர்கள் பாடம் நடத்துவதுபோல் நடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள் என்பது அவர் குறை. அவர் பாடம் நடத்திய கிளாஸ்கோவில் மாணவர் தரும் கட்டணமும் ஆசிரியர் வருமானத்தில் ஒரு பங்கு. அதனால் ஆசிரியர் ஒழுங்காக வேலை செய்வார் என்று நினைத்தார். மாணவன் காசு கொடுப்பது ஸ்மித்துக்குத் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன கட்டணம் மாணவன் கையிலிருந்து ஆசிரியர் கைக்குப் போகிற காசு. என் சாருக்குச் சம்பளம் பாதியானபோது எங்கள் கல்லூரியில் யாருடைய கட்டணமும் பாதியாகவில்லை.

*

வியாபாரமா இல்லையா என்ற கேள்வியை இந்த நாட்டில் அதிகமாகக் கேட்ட இடம் உச்ச நீதிமன்றம். அது சொன்ன பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் சாரும் பஸ் டிரைவரும் ஏன் வேறு வேறு வழியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பது புரியும்.

1963-ல் வந்த வழக்கிலும் பஸ் டிரைவர்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் பெண்கள் கல்லூரிக்காக ஓட்டிய பஸ்ஸில் நஷ்டம் என்று நிறுத்தியது. ராம்நாத் என்ற டிரைவருக்கு வேலை போனது. தொழில் தகராறுச் சட்டத்தில் நிவாரணம் கேட்டார். நீதிமன்றம் மறுத்தது. கல்வி என்பது மனிதரை உருவாக்கும் பணி, பல்கலைக்கழகம் ஒரு தொழில் நிறுவனம் ஆகாது, அதனால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்றது. நஷ்டக் கணக்கு பார்த்து ஆளை எடுக்கிற இடம், வேலை போனவன் கேட்கும்போது மட்டும் புனிதமாகிவிட்டது.

1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். லாப நோக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. முறையாக நடக்கும் வேலை, முதலாளி-தொழிலாளி கூட்டுழைப்பு, மனிதத் தேவைக்கான பொருளோ சேவையோ, இந்த மூன்றும் இருந்தால் அது தொழில். கல்லூரி, மருத்துவமனை எல்லாம் அதில் அடங்கும். பஸ் டிரைவருக்குச் சட்டத்தின் கதவு திறந்தது. நாடாளுமன்றம் 1982-ல் கல்வி நிறுவனங்களை விலக்கி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை.

அடுத்தது 1988. கோவாவில் ஒரு பள்ளியில் வேலை நீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை சுந்தராம்பாள் தொடுத்த வழக்கு. பள்ளி ஒரு தொழில் நிறுவனம்தான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆசிரியர் செய்வது உடலுழைப்போ எழுத்தர் வேலையோ அல்ல, உயர்ந்த பணி, ஆகவே அவர் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்ல என்றது. தொழில் நிறுவனம் உண்டு, அதன் மையத்தில் இருக்கிறவர் மட்டும் தொழிலாளி இல்லை. லேபர் ஆபீஸில் என் சாரிடம் சொன்ன வாக்கியம் இங்கிருந்து வந்ததுதான். இதே காரணத்தால் 2004-ல் ஆசிரியர்களுக்கு கிராஜுவிட்டி கிடையாது என்றும் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997-லிருந்தே செல்லும்படி அதைச் சரிசெய்தது.

கட்டணத்தின் கதை வேறு பாதையில் போகிறது. மீரட்டைச் சேர்ந்த மோகினி ஜெயின், கர்நாடகத்தில் தும்கூர் பக்கத்து மருத்துவக் கல்லூரியில் சேரப் போனார். அரசு இடத்துக்கு வருஷம் 2,000 ரூபாய், மற்ற கர்நாடக மாணவருக்கு 25,000, வெளி மாநிலத்தவருக்கு 60,000. 1992-ல் நீதிமன்றம் இது விலைக்கு விற்பது என்று சொல்லி கேபிடேஷன் ஃபீஸைத் தடுத்தது. அதே வருஷம் தமிழ்நாடும் அதைத் தடைசெய்யச் சட்டம் போட்டது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கு. கல்வி வியாபாரம் ஆகாது, பாதி இடம் குறைந்த கட்டணத்தில், மீதி இடத்துக்குக் கூடுதல் கட்டணம் என்று ஒரு திட்டம் வந்தது. ஃப்ரீ சீட், பேமென்ட் சீட் என்ற சொற்கள் நம் வீட்டுக் கூடங்களுக்கு வந்தது அப்படித்தான். 2002-ல் பதினொரு நீதிபதிகள் டி.எம்.ஏ. பை வழக்கில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். கல்வி நிறுவனம் நடத்துவது ஒரு தொழில், அடிப்படை உரிமை. விரிவாக்கத்துக்கான நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் மட்டும் கூடாது. எது உபரி, எது லாபம் என்று பார்க்க 2003-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலக் குழுக்கள் அமைக்கச் சொன்னது.

கடைசியாக மாணவர். காசு கொடுத்தவர் நுகர்வோரா? 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்தை எதிர்த்த வழக்கில் இல்லை என்றது. கல்வி பண்டம் அல்ல, நுகர்வோர் சட்டத்தில் வராது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். அறக்கட்டளை என்பதால் வருமான வரிக்கு அது தர்மம். கட்டணம் வாங்கும்போது அடிப்படை உரிமையுள்ள தொழில். பஸ் டிரைவருக்கு அது தொழில் நிறுவனம். ஆசிரியருக்கு உயர்ந்த பணி நடக்கும் இடம். மாணவருக்கு அது கடை அல்ல. ஒவ்வொரு தீர்ப்பையும் தனித்தனியாகப் படித்தால் நியாயம் இருக்கிறது. கல்வியைப் பண்டமாக்கக் கூடாது என்று நினைத்த நீதிபதிகளின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சேர்த்துப் பார்த்தால், நிர்வாகத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் இருக்கிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் எந்தப் பக்கம் போனாலும் இது உங்களுக்கான கவுன்ட்டர் இல்லை என்ற போர்டு.

கல்லூரி வியாபாரமாகிவிட்டது என்பதில்லை என் புகார். வியாபாரத்தின் சௌகரியத்தை எடுத்துக்கொண்டு அதன் பொறுப்பை விட்டுவிட்டது. அறத்தின் சலுகையை எடுத்துக்கொண்டு அதன் கணக்கை மூடிவைத்தது.

*

அமெரிக்காவில் லாபத்துக்காகக் கல்லூரி நடத்துவதற்குச் சட்டம் வெளிப்படையாகவே இடம் தருகிறது. கொரிந்தியன் என்ற பெரிய கல்லூரிக் குழுமம் பங்குச் சந்தையில் இருந்தது. வேலை கிடைக்கும் என்று பொய்க் கணக்குக் காட்டி ஆள் சேர்த்தது அம்பலமாகி, 2015-ல் மூடியது. மாணவர்கள் கடனை அடைக்க மாட்டோம் என்று கூட்டமாக நின்றார்கள். ஏழு வருஷம் கழித்து, 2022-ல், 5,60,000 பேருடைய 580 கோடி டாலர் கடனை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. ஏமாற்றியது கம்பெனி என்பதும், ஏமாந்தவர்கள் யார் என்பதும் அங்கே ஏட்டில் இருந்தது.

இங்கே கல்லூரி மூடினால் மாணவர்களை வேறு கல்லூரிக்கு மாற்றுவார்கள். வங்கிக் கடன் மாறாது. ஆசிரியர்கள் யார் என்பதே சில இடங்களில் தெளிவில்லை. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாக ஆவணத்தில் இருக்கிறார்கள் என்றது. முறைகேடு நடந்திருப்பதைப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது சாரின் அலமாரி ஞாபகம் வந்தது. ஒரு மனிதரை வைத்துக்கொள்வதற்குப் பதில் அவருடைய காகிதத்தை வைத்துக்கொண்டால் போதும் என்ற நிலை எப்படி வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எம்.ஜி.ஆர். சாலையில் இருக்கும் எந்தப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் வரவு செலவு அறிக்கையையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் கம்பெனியின் லாபம் எவ்வளவு, இயக்குநருக்கு எவ்வளவு போனது என்று நானே பார்த்திருக்கிறேன். நான் படித்த கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையின் கணக்கை அப்படி எடுக்க முயன்றேன். பொதுமக்கள் பார்க்க அப்படி ஒரு கவுன்ட்டரே இல்லை. லாபத்துக்கு நடக்கும் இடத்தின் கணக்கு திறந்திருக்கிறது. லாபம் கூடாது என்று சட்டம் சொல்லும் இடத்தின் கணக்கு மூடியிருக்கிறது. இதை மாற்றப் புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். கட்டணம் வாங்கும் ஒவ்வொரு அறக்கட்டளையும் வருஷா வருஷம் கணக்கை வெளியிட வேண்டும், ஆசிரியருக்குக் கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று அதில் தனியாக இருக்க வேண்டும். அவ்வளவு செய்தாலே எது ஐந்தாம் பங்கு, எது கம்பெனி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு அதில் பெருமைதான், நஷ்டமில்லை.

போன வாரம் சாரை மறுபடி பார்த்தேன். சான்றிதழ் எப்படித்தான் சார் கிடைச்சது என்று கேட்டேன். இரண்டரை வருஷம் கழித்து, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொல்லி, கட்டிய பிறகு கொடுத்தார்களாம். கட்டின பணத்துக்கு ரசீது கொடுத்தார்களா என்று கேட்டேன். அப்பா கேட்ட கேள்வி.

"கொடுக்கலப்பா. ஆனா என்கிட்ட வாங்கினாங்க. ஒரிஜினல் அத்தனையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து" என்றார். டீக்குக் காசு கொடுக்கப் பையில் கைவிட்டேன். அவர் தடுத்து, "நான் உன் வாத்தியார்டா" என்று சொல்லிவிட்டு, தானே கொடுத்தார்.